கம்பளத்தில் இல்லாத வரிசை

எங்கள் பேட்டையை இடித்தவர்கள், இருபத்திரண்டு வருஷம் கழித்து அதைக் கம்பளமாக நெய்து எங்களிடமே காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறச் சொன்னார்கள். நாங்கள் பிறந்து, புரண்டு, அடித்துக்கொண்டு, பிள்ளை பெற்ற தெருவுக்குள் நுழைய வெறுங்காலோடு வரிசையில் நிற்க வேண்டுமாம். இதை எழுதும்போதுகூட என் எழுத்து கோணிக்கொண்டு போகிறது. வயசு ஒரு காரணம். கோபம்தான் மீதிக் காரணமெல்லாம்.

முறையாகச் சொல்கிறேன். பேட்டை இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக் கடை வளாகம். வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அதன் கார் நிறுத்தும் தரைத்தளத்தில் நாங்கள் கூடுவோம். ஏழு தெருவையும் சாக்பீஸால் தரையில் வரைந்து, அவரவர் வீடு இருந்த கட்டத்தில் அவரவர் போய் நிற்போம். பக்கத்து வீட்டைக் கூப்பிட்டுப் பேசுவோம். பழைய சண்டைகளை விட்ட இடத்திலிருந்து தொடருவோம். பேட்டை நாள் என்றால் இதுதான். எட்டாயிரம் பேர் வருவார்கள். சரி, நானூறு. அதில் பாதிப் பேரைப் பிள்ளைகள் இறக்கிவிட்டுப் போய், கால்மணிக்கு ஒரு தரம் போன் போட்டு, “முடிஞ்சுதா?” என்பார்கள்.

வரைவது என் வேலை. மின்சார அலுவலகத்தில் மீட்டர் பார்த்தவன் நான். பத்தொன்பது வருஷம் பேட்டையின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போயிருக்கிறேன். யார் வீட்டில் மீட்டர் கதவுக்குப் பின்னால், யார் வீட்டில் பாத்திர அலமாரிக்கு மேல் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். என் பெயரே எல்லோருக்கும் மறந்துபோய் ‘மீட்டர்’ ஆகிவிட்டது. கோபம் வந்தால் என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

வரைய ஆரம்பித்தால் முதலில் வாய்க்கால் வரிசை. ஏழாவது தெருவுக்கும் பின்னால், சாக்கடை வாய்க்காலை ஒட்டியிருந்த இருபத்துமூன்று வீடுகள். ஏன் என்று கேட்பவர்களிடம், “மூட்டு வலி வர்றதுக்குள்ள கடைசிய முடிச்சிடலாம்னுதான்” என்பேன். அது பொய். உண்மை பின்னால் வருகிறது.

இந்த வருஷம் சாக்பீஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டான் விழாக் குழுத் தலைவன். தலைவன் வேறு யாருமில்லை, என் மச்சான். என் மனைவியின் தம்பி. அவன் கையில் மைக் கிடைத்தால் ஸ்பீக்கரே காதைப் பொத்திக்கொள்ளும். கடை வளாகம் மூன்றாம் மாடியில் மண்டபம் தருகிறது, ஏசி தருகிறது, பேட்டையின் வரைபடத்தைக் கம்பளமாகவே நெய்து தருகிறது என்று ஒரு மாதமாகப் பூரித்துப் போயிருந்தான்.

“மாமா, இனிமே நீங்க குனியவே வேணாம். காலத்துக்கும் அழியாது.”

“மழையா பெய்யுது உள்ள, சாக்பீஸ் அழியறதுக்கு?”

“உங்களுக்கு எதுலயும் நொட்டை சொல்லணும்.”

மண்டபத்துக்குள் போனோம். அந்தக் குளிரில் என் பல்செட் வாயைவிட்டு இறங்கிப் போர்வை கேட்டது. மேலாளருக்கு முப்பது வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, முகத்தில் இஸ்திரி போட்டு மாட்டிய சிரிப்பு. கம்பளமோ மண்டபம் நீளத்துக்கு விரிந்து கிடந்தது. ஏழு தெரு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கட்டம், கட்டத்துக்குள் கதவிலக்கம். நான்காம் தெருவில் என் வீட்டு எண்ணைப் பார்த்ததும், வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், குனிந்து அதைத் தடவிப் பார்த்தேன். அந்த நூல்கட்டத்தில் போய் நின்றுகொண்டேன். பக்கத்துக் கட்டத்துக் கிழவர் அங்கிருந்தே, “என் ஏணிய எப்ப தருவே?” என்று கேட்டார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்போது தையலக்காவின் குரல் கேட்டது.

தையலக்கா எனக்கு இரண்டு வயது இளையவள். ஆனாலும் பேட்டைக்கே அவள் அக்கா. வாய்க்கால் வரிசையில் நாலாவது வீடு. அவள் ஏழு தெருவையும் நடந்து கடந்து கம்பளத்தின் கோடிக்குப் போய்விட்டாள். ஏழாவது தெரு முடிந்ததும் கம்பளமும் முடிந்துவிட்டது. தங்க நிறக் குஞ்சம். குஞ்சத்துக்கு அப்பால் பளிங்குத் தரை. அதன்மேல் ஒரு குப்பைத்தொட்டி.

“ஏம்பா மீட்டரு, என் வீடு எங்க?”

“உள்ள மடிச்சுவிட்டிருப்பாங்கக்கா” என்று போய்க் குனிந்து, குஞ்சத்தைத் தூக்கிப் பார்த்தேன். வெறும் தரை. வரிசையைச் சேர்ந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக அங்கே வந்து நின்றார்கள். பையும் கையுமாக, பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.

மேலாளர் ஓடிவந்தார். “பாட்டிம்மா, நகராட்சிப் பதிவு, மாற்று வீடு கொடுத்த பதிவு எல்லாத்தையும் பார்த்துதான் டிசைன் பண்ணோம். அதுல ஏழு தெருதான் இருக்கு. அதுக்குப் பின்னாடி காலி இடம்.”

“காலி இடமா? அப்போ மூணு பிள்ளைங்களை நான் காத்துலயா பெத்தேன்?”

மச்சான் மைக்கோடு வந்து சமாதானப்படுத்தினான். “அக்கா, நல்ல நாளும் அதுவுமா சண்டை வேணாம். ஏழாவது தெருவுலயே எங்கயாச்சும் ஓரமா நின்னுக்கங்களேன்.”

“ஓரமாவா? டேய், உன் கல்யாணக் கோட்டைத் தெச்சது அந்தக் காலி இடம்தான். அளவெடுக்கும்போது வயித்தை உள்ள இழுத்துக்கிட்டு நின்னே. கல்யாணத்தன்னிக்கு மூச்சு விட்டே, ரெண்டு பட்டன் பறந்து மாமியார் மடியில விழுந்துச்சு. இப்ப நான் ஓரமா நிக்கணுமா?”

இது முழுக்க மைக்கில் கேட்டது. மண்டபமே சிரித்தது, அக்கா சிரிக்கவில்லை. மச்சான் முகம் கறுத்துப் போய், “கையெழுத்துப் போட்டாச்சுக்கா. இனிமே பேட்டை நாள் இங்கதான், இந்தக் கம்பளத்துலதான். கீழ பார்க்கிங்ல இடம் தர மாட்டாங்க” என்றான்.

அதாவது, அன்றைக்கு இடித்தபோது வரிசைக்கு மாற்று வீடும் தரவில்லை. வருஷத்தில் ஒரு காலை சாக்பீஸ் கட்டத்தில் நிற்பதற்கு இருந்த தரையும் போய்விட்டது. எனக்கு உச்சந்தலையில் சூடு ஏறியது.

“இருந்துச்சு. இருபத்துமூணு வீடு. நானே பார்த்திருக்கேன்” என்றேன்.

மேலாளர் மலர்ந்து போனார். “நீங்கதான் அந்த மீட்டர் ஐயாவா? தலைவர் உங்க கதையெல்லாம் சொல்லியிருக்கார். ஒரு வீட்டு மீட்டருக்குள்ள பாம்பு குட்டி போட்டுச்சு, குட்டிங்க சக்கரத்தைச் சுத்தினதுல இருநூறு யூனிட் ஏறிடுச்சுன்னு!”

மறுபடியும் சிரிப்பு. என் கதைதான். நூறு தரம் நானே சொன்னது. ஐந்தாவது தரத்திலிருந்து அதில் தவளையும் உண்டு. ஆயுள் முழுவதும் கதை விட்டவன் ஒரு நாள் உள்ளதைச் சொன்னால் இப்படித்தான் கைதட்டுவார்கள்.

மச்சான் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். இந்த வளாகத்தைக் கட்டி முடிக்கக்கூட அவ்வளவு பலம் தேவைப்பட்டிருக்காது.

“முதல் வீடு, பழைய பேப்பர் வாங்குறவர். நாப்பது வாட் பல்பு ஒண்ணு. ரெண்டாவது, செருப்பு தெக்கிறவர். பல்பு ஒண்ணு, ரேடியோ ஒண்ணு. ரேடியோவுக்குத் தலையில தட்டினாத்தான் பாடும். மூணாவது, பெயின்டர். சுவரெல்லாம் மிச்சப் பெயின்ட், ஒரு சுவருக்கு ஒரு கலர். நாலாவது, தையலக்கா. மிஷினுக்கு நேர் மேல ட்யூப் லைட், இடது பக்கம் கறுத்துப்போனது. அஞ்சாவது…”

இருபத்துமூன்றையும் சொன்னேன். ஒரு பாம்பு இல்லை, ஒரு தவளை இல்லை. ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல, அந்தந்த வீட்டு ஆள் கூட்டத்தில் கை தூக்கினார். ஒன்பதாவது வீட்டுக்கு யாரும் கை தூக்கவில்லை. அங்கே யாரும் மிச்சமில்லை.

நிறுத்தியிருக்கலாம். அத்தோடு நிறுத்தியிருந்தால் தோளில் தூக்கிவைத்து ஆடியிருப்பார்கள். ஆனால் வாய் நிற்கவில்லை.

“எதுலயும் மீட்டர் கிடையாது. தெருவிளக்குக் கம்பத்துல கொக்கி போட்டு இழுத்த வயர். மாசாமாசம் போவேன், பார்ப்பேன், எழுத மாட்டேன். எழுதினா வயரை அறுத்துடுவாங்க. இது வரிசைக்காரங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒண்ணு இருக்கு. இடிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, மாற்று வீட்டுக்குக் கணக்கெடுத்த அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ‘வாய்க்கால் ஓரமா ஆள் இருக்காங்களா? உன் கணக்குல யாருமே இல்லையே’ன்னு கேட்டார். இருக்காங்கன்னு சொன்னா, திருட்டுக் கரண்ட்டை இத்தனை வருஷம் மறைச்சது வெளிய வந்துடும். எனக்கு ஓய்வுக்கு ஒம்பது மாசம். பென்ஷன் போயிடும். ‘யாரும் இல்லை, காலி இடம்’னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தம்பி சொன்ன காலி இடம், நான் எழுதினது.”

“ஐயா… இது ஜோக்தானே?” என்றார் மேலாளர்.

தையலக்கா என் முன்னால் வந்து நின்றாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஏதோ பதிவுல தவறிப்போச்சுன்னு நெனச்சோம். ஆபீஸ் ஆபீஸா ஏறினோம். நீயும் கூட வந்தே.”

“வந்தேன்க்கா.”

“மனு எழுதிக் குடுத்தே.”

“குடுத்தேன்.”

“என் மிஷின் புல்டோசருக்குக் கீழ போச்சு. பதினோரு நாள் பஸ் ஸ்டாண்டுல படுத்தோம். நீ போர்வை கொண்டாந்தே. வருஷா வருஷம் முதல்ல எங்க வீட்டை வரைஞ்சே. பாசம்னு நெனச்சேன்.”

“பாசமும்தான்க்கா.”

“வாயை மூடு.”

மூடினேன். அவள் மேலாளரிடம் கை நீட்டிப் பேனா வாங்கினாள். மச்சான் சட்டைப் பையில் எட்டிப்பார்த்த ஒப்பந்தத் தாளை உருவி, என் கையில் திணித்தாள். “பின்பக்கம் காலியாத்தான் இருக்கு. எழுது. இப்ப வாயால சொன்னே பாரு, அத்தனையும். நீ கையெழுத்துப் போட்டதையும் சேர்த்து.”

மண்டி போட்டு, கம்பளத்தின் மேல் வைத்து எழுதினேன். கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அக்கா அதை இரண்டு தரம் படித்துவிட்டு மேலாளரிடம் காட்டினாள்.

“இதுக்கு நான் மேல கேக்கணும் பாட்டிம்மா.”

“நீ மேல கேளு. நாங்க கீழ போறோம்.” தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

லிஃப்டில் ஏற மறுத்துவிட்டாள். வாய்க்கால் வரிசை முழுவதும் அவள் பின்னால் படியில் இறங்கியது. பிறகு ஏழாவது தெரு. பிறகு இரண்டாவது. நான்காம் தெருக்காரர்கள் செருப்பைத் தேடுவதில் கொஞ்சம் தாமதமானார்கள். மைக் இல்லாத மச்சான் எங்கே போவதென்று தெரியாமல் கடைசியாக இறங்கி வந்தான்.

கீழே ஞாயிற்றுக்கிழமைக் கார்கள் நெருக்கியடித்து நின்றன. எல்லோர் வீட்டின் மேலும் ஒரு கார். கோடு இல்லை, எண் இல்லை. அக்கா தூண்களை எண்ணிக்கொண்டே நடந்து, ஒரு வெள்ளைக் காருக்குப் பின்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் இரண்டு கார்களுக்கு நடுவே, சக்கரத்துக்குப் பக்கத்தில், வழி மறித்து என்று அவரவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். காவலாளி விசிலை ஊதி ஊதியே கன்னம் வீங்கிப் போனார்.

நானும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அக்கா பக்கத்தில் உட்காரப் போனேன்.

“எங்க வர்றே?”

“கால் வலிக்குதுக்கா.”

“வலிக்கட்டும். உள்ள வராதே. வெளிய நில்லு.”

அவள் காட்டிய இடம் அவள் வீட்டு வாசலுக்கு வெளியே, அன்றைக்குச் சாக்கடை ஓடிய பக்கம். நின்றேன். கை நிறையப் பைகளோடு வெள்ளைக் காரின் சொந்தக்காரர் வந்தார். பின்னால் மனைவி, குழந்தை.

“பெரியவரே, வண்டியை எடுக்கணும். அந்த அம்மாவை நகரச் சொல்லுங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. “அவருக்குச் சொல்லு, இங்க என்ன இருந்துச்சுன்னு” என்றாள்.

“இது அவங்க வீடு” என்றேன்.

பின்னாலிருந்து நாலைந்து கார்கள் சேர்ந்து ஹாரன் அடித்தன.

“கேக்கல” என்றாள் அக்கா. “இன்னும் சத்தமா.”