ஐந்தாம் கோயிலில் மிஞ்சிய கல்

ஐந்தாவது கோயிலை மேட்டில் திரும்பக் கட்டி முடித்த நாளில் ஒரு கல் மிஞ்சியது. கோயிலில் ஓர் இடமும் காலியாக இல்லை. கல் ஒன்பது அடி நீளம், இரண்டடி அகலம், ஒரு டன்னுக்குச் சற்று மேல் எடை. அடிப்பக்கத்தில் விளக்குப் புகை படிந்திருந்ததால் அது மண்டபக் கூரையில் இருந்த கல் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கடைசி லாரியில் கடைசியாக வந்தது. கிரேன் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்கே இறக்குவது என்று சொல்ல ஆளில்லாமல் மாலைவரை நின்றது. பிறகு மதிலோரம் இறக்கி வைத்தார்கள்.

அணை கட்ட முடிவானபோது பள்ளத்தாக்கின் ஐந்து கோயில்களும் தண்ணீருக்குள் போகும் என்று தெரிந்தது. அஞ்சல்தலையிலும் பள்ளிப் புத்தக அட்டையிலும் படமாக இருந்த கோயில்கள். கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, இரண்டு மைல் தள்ளி மேட்டில் அப்படியே கட்டுவது என்று ஏற்பாடாகி, வேலை பதினோரு வருடம் நடந்தது. முதல் கோயிலை மாற்றிய பிறகும் அதன் நிழல் ஏழு மாதம் பழைய இடத்திலேயே விழுந்தது. ஆடு மேய்ப்பவர்கள் மதியத்தில் அங்கே படுத்தார்கள். தண்ணீர் ஏறியதும் நிழலும் மேட்டுக்கு வந்துவிட்டது. இரண்டாவது கோயிலின் வௌவால்கள் கூரைக்கு ஒன்பது நாள் முன்பே வந்து, கூரை வரவேண்டிய உயரத்தில் காற்றில் தலைகீழாகத் தொங்கின. கொத்தனார்கள் அவற்றை வைத்து மட்டம் பார்த்தார்கள், கால் அங்குலம்கூடத் தவறவில்லை. மூன்றாவது கோயிலில், தட்டினால் ஒலிக்கும் தூண்களில் ஒன்று ஒரு மழைக்காலம் முழுக்க ஊமையாக இருந்து, பிறகு அரைச் சுருதி இறங்கி ஒலித்தது. நாலாவது கோயிலில் ஒன்றுமே நடக்கவில்லை. பொறியாளர்கள் அதைத்தான் இரண்டு தடவை சோதித்தார்கள்.

கல்லுக்கு எண் போட்டவளை எல்லோரும் நம்பர் அக்கா என்றார்கள். இயற்பியல் படித்தவள், அதிகம் பேசமாட்டாள். கையில் எனாமல் பெயின்ட் டப்பா, ஒரு பதிவேடு, எண்களை மாற்றி மாற்றிச் செருகும் ஒரு தகட்டு அச்சு. முதலில் எண்ணைப் பதிவேட்டில் எழுதுவாள், பிறகு கல்லில் அடிப்பாள், பிறகு அச்சின் கடைசித் தகட்டை மாற்றுவாள். எழுது, அடி, மாற்று. கட்டிய பிறகு உள்ளே மறைந்துவிடும் பக்கத்தில்தான் அடிப்பாள், கோயிலுக்கு வருகிறவர்களுக்கு ஒரு சொட்டுப் பெயின்ட்கூடத் தெரியக் கூடாது என்பதற்காக. ஐந்தாவது கோயிலுக்கு மட்டும் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு எண்கள். வரைபடத்திலும் அவள் பதிவேட்டைப் பார்த்துத்தான் எண் போட்டார்கள்.

மிஞ்சிய கல்லின் பக்கவாட்டில் அவள் கையால் அடித்த 4117 இருந்தது. அதைப் பார்த்த உடனேயே அவளுக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு முற்பகல் நினைவு வந்தது. அன்று 4117 என்று எழுதி, அடித்து, தகட்டில் கை வைத்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. மகள் வாந்தி எடுத்துவிட்டாள், வந்து அழைத்துப் போங்கள் என்றார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அச்சு 4117 காட்டியது, பதிவேட்டிலும் 4117 எழுதியிருந்தது. எழுதியாயிற்று, அடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்து அடுத்த கல்லில் அடித்தாள். தகட்டை மாற்றினாள். அக்கம்பக்கமாக இருந்த இரண்டு கூரைக் கற்களுக்கு ஒரே எண் விழுந்தது அப்படித்தான்.

கிரேன் ஓட்டியவர் அவள் கணவர். வேலையாட்கள் குடியிருப்பின் தகரக் கூரை வீட்டில், மகள் வெளியே விளையாடப் போன நேரம் பார்த்து அவரிடம் சொன்னாள்.

"ஏங்க, அந்தக் கல்லு என் தப்பு. ரெண்டு கல்லுக்கு ஒரே நம்பர் போட்டுட்டேன்."

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "எத்தனை பேருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு. எனக்கு."

"அப்ப எனக்குத் தெரியாது," என்றார். ஆனால் தட்டைக் கழுவி வைத்தபிறகு அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "இல்ல, ஒரு கல்லு குறைஞ்சா ஓட்டை தெரியணுமே. நான்தானே ஒவ்வொண்ணா இறக்கினேன். ஓட்டையே இல்லையே."

"அதாங்க பயமா இருக்கு."

மறுநாள் காலை மண்டபத்தில் மல்லாந்து படுத்துக் கூரையை எண்ணினாள். பதினாலாம் வரிசையில் பதிவேட்டின்படி இருபத்திரண்டு கல். இடமிருந்து எண்ணினாலும் வலமிருந்து எண்ணினாலும் இருபத்துமூன்று இருந்தது. பதினெட்டு அடிக் கம்பு ஒன்றைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தட்டினாள். எட்டு கல் 'டொக்' என்றன. ஒன்பதாவதில் சத்தம் வரவில்லை. புகைக் கறையும் உளித் தடமும் தெளிவாகத் தெரிந்த கல்லுக்குள் கம்பு தண்ணீருக்குள் போவதுபோலப் போய், பத்து அங்குலம் தாண்டி மேலே போட்டிருந்த சுண்ணாம்புக் காரையில் முட்டியது. கம்பை இழுத்தாள், மறுபடி விட்டாள். பிறகு தரையில் உட்கார்ந்து காகிதத்தில் கணக்குப் போட்டாள். அந்த ஒரு இடத்தின் மேல் மட்டும் தொள்ளாயிரம் கிலோ காரை ஒன்றுமில்லாததன் மேல் நின்றுகொண்டிருந்தது. திறப்புக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த மண்டபத்தில்தான் கூட்டம் நிற்கும்.

ஸ்தபதியிடம் சொன்னாள். அவர் தாமே சாரத்தில் ஏறி, கையை முழங்கைவரை கல்லுக்குள் விட்டு, எடுத்து, விரல்களை எண்ணிப் பார்த்துக்கொண்டார். இறங்கி வந்து, "என் அப்பா கட்டின கோயில்ல எல்லாம் கல்லு இருந்துதும்மா," என்றார். அன்றே செயின் பிளாக் போட்டு மிஞ்சிய கல்லை மேலே ஏற்றினார்கள். கை போன இடத்தில் கல் போகவில்லை. கல்லோடு கல் மோதி, ஓரத்தில் ஒரு தேங்காய் அளவு சில்லு தெறித்து விழுந்தது. கம்பு போனது, கை போனது, ஸ்தபதியின் தலைப்பாகை போனது. அந்தக் கல் மட்டும் போகவில்லை. பிறகு இரும்புத் தூண் ஒன்றை நிறுத்திக் காரைக்கு முட்டுக் கொடுத்து, எடை காட்டும் மானியை அடியில் வைத்தார்கள். மூன்று நாளும் மானி பூஜ்யம் காட்டியது. காரை தூணின் மேலும் உட்காரவில்லை, கீழேயும் விழவில்லை.

தலைமைப் பொறியாளருக்கு 'அடுத்தது' என்று பெயர். எந்தக் கூட்டத்திலும் எதைச் சொன்னாலும் அடுத்தது என்பார். அவரை அழைத்து வந்து காட்டினார்கள்.

"மேல என்ன தெரியுது?" என்றார்.

"கல்லு தெரியுது சார். ஆனா இல்ல," என்றாள்.

"தெரியுதில்ல? அடுத்தது."

"சார், இருபதாயிரம் பேர் வருவாங்க. திறப்பைத் தள்ளி வைங்க, பிரிச்சுக் கட்டிடலாம்."

"பிரிச்சா ஆறு மாசம்மா. பிரிச்ச பிறகு அங்க என்ன வைப்பே? மானி என்ன காட்டுது?"

"பூஜ்யம்."

"அப்ப அந்தத் தூண் எதுக்குச் சும்மா நிக்குது? எடுக்கச் சொல்லு. போட்டோல அசிங்கமா இருக்கும்." தூணை எடுத்துவிட்டார்கள். அவள் தலைமை அலுவலகத்துக்குத் தன் தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினாள், நேரில் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஐந்தாம் நாள் பதில் வந்தது. தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது, தாங்கள் பராமரித்த பதிவேட்டின்படி எல்லாக் கற்களும் உரிய இடத்தில் உள்ளன, தங்கள் பணி பாராட்டுக்குரியது என்று இருந்தது. அந்த வாரம் கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைக்கும்போதுகூட மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திறப்பு நாளில் மகளை ஒரு காரணமும் சொல்லாமல் கணவரோடு வெளியே மதிலோரம் நிறுத்திவிட்டு, விடிந்ததும் மண்டபத்துக்குள் போய் ஒன்பதாவது கல்லுக்கு நேர் கீழே நின்றாள். ஒரு ஆள் நின்றால் கூட்டம் சுற்றிக்கொண்டு போகும் என்பது அவள் கணக்கு. இடிந்தால் ஒரு தலையோடு போகட்டும் என்பது மீதிக் கணக்கு. மக்கள் வந்தார்கள். ஒரு பெரியவர் அவள் தோளைத் தட்டி, "ஏம்மா, நந்தி மாதிரி நடுவுல நிக்கிறே, நகரேன்," என்றார். "சுத்திப் போங்கய்யா," என்றாள். "சாமி அந்தப் பக்கம் இருக்கு, இவ கூரையைக் கும்பிடறா," என்று ஒருத்தி சொல்லக் கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வேறு சிலர் பெரிய பக்தை போலிருக்கிறது என்று அவளைப் போலவே மேலே பார்த்துக் கும்பிட்டார்கள். பகல் ஏறியது. கால் வீங்கியது. நாலு மணி சுமாருக்குக் கூட்டத்தின் இடுப்புகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்து அவள் புடவையைப் பிடித்தது. மகள். அப்பா யாருடனோ பேசிக்கொண்டிருந்தபோது நழுவி வந்திருந்தாள்.

"அம்மா, பசிக்குது. வா."

"வெளிய போ. அப்பாகிட்டப் போ."

"நீ வா. நீ வராம போகமாட்டேன்."

பின்னால் கூட்டம் நெருக்கியது. தள்ளிவிடவும் இடமில்லை. அவள் குனிந்து மகளைத் தனக்குள் சுருட்டி, தன் முதுகை மேலே காட்டியபடி அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று பிறகு அவளால் சொல்ல முடியவில்லை. காரை விழவில்லை. மகள் அவள் வயிற்றுக்குள்ளிருந்து, "மூச்சு முட்டுதும்மா," என்றாள்.

அதன்பிறகு பதினெட்டு வருடம் கூரை விழவில்லை. அணை வேலை முடிந்து எல்லோரும் கலைந்தபோது அவள் பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்து, ஐந்து கோயில்களின் பராமரிப்புக்கு மாற்றல் கேட்டாள். கணவர் கிரேனை விட்டு வேன் ஓட்டினார். பதினாலாம் வரிசையின் இரு பக்க உத்தரங்களிலும் காரை மேலும் மெல்லிய கண்ணாடிப் பட்டைகளை ஒட்டினாள், கட்டடம் ஒரு நூல் அசைந்தாலும் உடைந்துவிடும் பட்டைகள். தினமும் காலையில் அவற்றைப் பார்த்துவிட்டு ஒன்பதாவது கல்லின் கீழ் வந்து நிற்பாள். ஒன்றும் உடையவில்லை. உடையாததால் அவள் பயம் குறையவுமில்லை. நேற்று நின்றது என்பதற்காக இன்று நிற்க வேண்டுமென்று எந்த விதியும் அவள் படித்ததில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் கூரையைத் தட்டிப் பார்த்தாள். நாத்தனார் வீட்டு விசேஷத்தில் ஒட்டடைக் கம்போடு அறை அறையாகப் போனபோது நாத்தனார், "என்ன அண்ணி, பல்லி பிடிக்கிறீங்களா?" என்று கேட்டு வீடே சிரித்தது. தலைமைப் பொறியாளர் 'அடுத்தது' ஓய்வு பெற்றார். ஸ்தபதி இறந்தார், இறப்பதற்கு முன் ஒருமுறை வந்து சாரம் கட்டச் சொல்லி, கையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போனார். மிஞ்சிய கல்லில் மக்கள் உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொண்டார்கள். மகள் படித்து வேலைக்குப் போய், வாரம் ஒருமுறை போன் செய்து, "அம்மா, கூரை எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைக் கேட்டாள்.

பத்தொன்பதாம் வருடம் ஐந்து கோயில்களையும் கல் கல்லாக ஆய்வு செய்ய உத்தரவு வந்தது. புதிய பொறியாளர் ஒரு சின்னப் பெண், மகளை விட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். கையில் அச்சடித்த படிவங்கள். கல் உண்டா, விரிசல் உண்டா, நிலை என்ன என்று மூன்று கட்டம். பழைய பதிவேட்டைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் என்ன இருக்கிறதோ அதை எழுதுவதுதான் முறை என்றாள். நம்பர் அக்கா தட்டிக் காட்ட, அவள் எழுதிக்கொண்டே வந்தாள். பதினாலாம் வரிசையில் எட்டாவது கல்லைத் தட்டிவிட்டு அக்கா கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டாள். இந்தப் பெண் கத்துவாள், அல்லது கோயிலை மூடுவாள், அல்லது 'கல் உண்டு' என்று எழுதிவிட்டு நடப்பாள். மூன்றையும் அவள் பல வருடமாக மனதுக்குள் நடத்திப் பார்த்திருந்தாள். மூன்றாவதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

ஒன்பதாவதில் கம்பு உள்ளே போனது.

பொறியாளர் கம்பை வாங்கித் தானே விட்டுப் பார்த்தாள். எடுத்தாள். நுனியில் ஒட்டியிருந்த காரைத் தூளை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை வருஷமாக்கா?"

"கட்டினதுல இருந்து. பத்தொம்போது."

"இறங்கியிருக்கா?"

"ஒரு நூல்கூட இல்ல. கண்ணாடி ஒட்டியிருக்கேன், தினமும் பாக்கறேன்."

"தினமுமா?"

"தினமும்."

பொறியாளர் கண்ணாடிப் பட்டைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பதினோரு பட்டைகளையும் பார்த்தாள். பிறகு படிவத்தைத் தூணில் வைத்து எழுதினாள். அக்கா எட்டிப் பார்த்தாள். கல்: இல்லை. விரிசல்: இல்லை. நிலை: நன்று. கீழே கையெழுத்துப் போட்டு, சாட்சிக்கு அவளிடமும் பேனாவை நீட்டினாள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

"அடுத்த கல்லு தட்டுங்கக்கா," என்றாள் அந்தப் பெண். நம்பர் அக்கா ஒன்பதாவது கல்லின் கீழிருந்து இரண்டடி நகர்ந்து, கம்பை உயர்த்தி, பத்தாவதைத் தட்டினாள்.