பன்னிரண்டாவது பெயர்

குமாஸ்தா யாகப்பன் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் ஒரு காயத்தை எழுதினால் எழுதினதுதான். குத்தியது கொம்பா, கம்பா, எந்தப் பக்கம் நுழைந்தது, எத்தனை விரல் ஆழம் என்று நோயாளி முனகிக்கொண்டிருக்கும்போதே கேட்டு, ஒவ்வொரு காயத்துக்கும் ஆபரேஷனுக்கும் என்று இருந்த எண்களில் அதற்குரியதைப் போட்டுவிட்டுத்தான் நகர்வான். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் ஆள் கெட்டி.

எழுபத்தாறாம் வருஷம் மாசியில் மாதையன் என்பவன் மாட்டுவண்டியிலிருந்து விழுந்தான். பக்கக் கம்பு முதுகின் அடியில் ஏறி இடுப்பெலும்பு வரை போயிருந்தது. மயக்கம் கொடுத்து, சிராயை எடுத்துத் தைத்தார்கள். எமர்ஜென்சி உத்தரவுப்படி அந்த மாதம் கருத்தடை ஆபரேஷன் பன்னிரண்டு காட்டியாக வேண்டும், பதினொன்றுதான் தேறியிருந்தது. குறைந்தால் எல்லோருக்கும் சம்பளம் நிற்கும்.

"இதுவும் இடுப்புப் பக்கந்தானே, யாகப்பா? கருத்தடை எண்ணையே போட்டுடு" என்றார் டாக்டர்.

யாகப்பன் போட்டான். போட்டுவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டான்.

ஆவணியில் மாதையனின் பெண்டாட்டி நஞ்சம்மாள் வந்து நின்றாள். நாலு மாசம் கர்ப்பம். ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பட்டியலைப் பஞ்சாயத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதில் மாதையன் பெயர் இருந்தது.

"மயக்கத்துல என்னத்த வெட்டுனாங்கன்னு எனக்கென்ன தெரியும்ங்கறாருங்க. அப்ப இது யாரு புள்ளைன்னு கேக்கறாரு. வூட்ட வுட்டுத் தொரத்திட்டாருங்க."

"நான் வந்து சொல்றேம்மா."

"சொன்னா நம்ப மாட்டாரு. எழுதினதத்தான் நம்பறாரு. மாத்தி எழுதிக் குடுங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பான். தான் போட்ட ஒரு எண் ஒரு பெண்ணை நடுத்தெருவில் நிறுத்திவிட்டதே என்று யாகப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. டாக்டரிடம் போனான்.

"பன்னிரண்டுன்னு தருமபுரி ஜில்லா ஆபீசுக்கு எழுதியாச்சு. பேரு தப்புன்னு சொல்லலாம். எண்ணிக்கை தப்புன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்" என்றார் அவர்.

யாகப்பன் மாதையன் பெயரை அடித்தான். வேறு எவன் பெயரை எழுதினாலும் அவன் வீட்டிலும் ஒருத்தி தெருவுக்கு வருவாள். தன் பெயரை எழுதினான். மாதையனுக்குக் கம்பு குத்திய காயம், அதைத் தைத்தது தவிர வேறொன்றும் செய்யவில்லை என்று ஒரு சான்று எழுதி, டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி நஞ்சம்மாளிடம் கொடுத்தான். அவள் அதை மடியில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

டாக்டர் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார்.

"அடுத்த மாசம் ஆபரேஷன் தழும்பு பார்க்க மேலேயிருந்து ஆள் வர்றாங்க. உனக்கு இருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்ப உள்ள வா."

"மூணும் பொட்டப் புள்ளைங்க சார். பையன் வேணும்னு எங்க வீட்டுக்காரி ராஜமேரி வேளாங்கண்ணிக்கு வேண்டியிருக்குதுங்க."

டாக்டர் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பி வைத்தார். ஆறு மாதத்துக்கு முந்தைய தேதி, எண், பெயர், எல்லாம் அவன் கையெழுத்தில் இருந்தன. யாகப்பன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, உள்ளே போய் ஆபரேஷன் மேஜையில் படுத்தான்.