கதவுக்கு ஏற்றிய கறுப்பு

மயிலத்தில் பெரியதம்பியின் வீட்டு வாசலில் நான்கு வருஷமாக ஒரு பக்கக் கதவுதான் இருந்தது. பாகம் பிரித்த அன்று தம்பி முருகையன், "கதவுலயும் எனக்குப் பாதி இருக்குது" என்று சொல்லி, இரட்டைக் கதவில் ஒன்றைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போய்விட்டான். பெரியதம்பி அந்தப் பக்கத்தைத் தகரத்தால் அடைத்தார். மனைவி கெங்கம்மாளும் இறந்தபின் வீட்டில் அவர் ஒருவர்தான்.

எண்பத்து நாலாம் வருஷ மழையில் தகரம் பெயர்ந்தது. தச்சர் விருத்தாசலம் வேப்பம்பலகையில் புதுக்கதவு செய்து மாட்டினார். கறுத்துப்போன பழைய கதவுக்குப் பக்கத்தில் அது வெளுத்துப் பல்லிளித்தது.

"வார்னிஷ் அடிச்சா பளபளன்னு புதுசாவே தெரியுங்க. இரும்புத் தண்ணி பூசுங்க" என்று பக்குவம் சொல்லிக் கொடுத்தார் தச்சர்.

துருப்பிடித்த லாடம், ஆணி, உடைந்த ஏர்க்கொழு எல்லாவற்றையும் மண்பானையில் போட்டு, வெல்லத்தண்ணீர் ஊற்றி வைத்தார் பெரியதம்பி. இரண்டு வாரத்தில் அது நுரைத்துப் புளித்தது. பானையைக் கிளறுவது தினமும் ஒரு வேலையாக இருந்தது. அது அவருக்குப் பிடித்தும் இருந்தது. கதவின் ஓரங்களைச் செங்கல்லால் தேய்த்து மழுக்கினார். முதலில் கடுக்காய்த் தண்ணீர் பூசிக் காயவிட்டார். அதன்மேல் இரும்புத் தண்ணீரைத் தடவியதும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே மரம் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்தது. கடைசியாக, வேர்க்கடலையில் ஆட்டிய மல்லாட்டை எண்ணெய் விட்டுத் துடைத்தார்.

எதிர்வீட்டுக் குப்பம்மாள் வந்து பார்த்தாள். "எது புதுசுன்னே தெரியலியே!"

அன்று சந்தோஷப்பட்டார். அதன்பிறகுதான் ஒன்று உறைத்தது. தகரம் இருந்தவரை வருகிறவர்கள், "தம்பி எப்படி இருக்காரு?" என்று கேட்பார்கள். இப்போது யாரும் கேட்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்குப் பஸ் ஏறினார்.

"வாங்க" என்றான் முருகையன். முன்பெல்லாம் 'வாண்ணே' என்பான். கொல்லையில் அந்தக் கதவு நீலப் பெயின்ட் பூசிக் குளியலறைக்கு மாட்டியிருந்தது. அண்ணன் அதைப் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

"கதவுக்காகவா வந்தீங்க? கழட்டிக்கினு போங்க."

"வேணாம்பா. நான் ஒண்ணு செஞ்சிக்கினேன்."

"கலரு சேர்ந்துச்சா?"

"அப்படியே சேர்ந்துச்சு."

பானை வைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். முருகையன் பக்கத்தில் வந்து குந்தினான். "வெறும் வெல்லத்துலயா கறுக்குது? எத்தினி கடுக்கா போட்டண்ணே?"

அவன் வாயில் 'அண்ணே' வந்ததும் பெரியதம்பி அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தார். பதில் சொல்வதற்குள் உள்ளே இருந்து முருகையனின் மனைவி கூப்பிட்டாள். அவன் எழுந்து போனான். திரும்பி வந்தபோது முகம் பழையபடி இறுகியிருந்தது. டீ வந்தது. குடித்தார்.

"ஒருதரம் வந்து பாரேன்."

"பாக்கலாம்."

பஸ் ஸ்டாண்டுக்குத் தனியாகத்தான் நடந்தார்.

பொங்கல் போயிற்று. தம்பி வரவில்லை. மாசியில் ஒரு கார்டு வந்தது. நலம் விசாரிப்பு இல்லை. 'கடுக்காய் எத்தனை என்று சொல்லவில்லையே' என்று ஒரே வரி.

பெரியதம்பி அன்றே தபாலாபீஸில் இன்லண்டு லெட்டர் வாங்கினார். பதிலுக்கு ஒரு வரி போதும். மூன்று பக்கமும் நிரம்ப எழுதினார்.