என் குரலில் பேசியவர்

தியெனின் முகத்துக்கு நாற்பத்தொரு படங்களில் நான்தான் பேசினேன். அந்தக் காலத்து சைகோன் படங்களில் அதுதான் வழக்கம். நடிகர் வாயசைப்பார், பிறகு எங்களில் ஒருவர் பதிவறையில் நின்று அவருக்காகப் பேசுவார். தியென் நடுவியட்நாமின் குவாங் ங்காய்க்காரர். அந்த ஊரின் கரடுமுரடான பேச்சு காதல் வசனத்துக்கு ஆகாது என்று முதல் படத்திலேயே முடிவு கட்டிவிட்டார்கள். பெண்கள் உருகியது என் குரலுக்கு. கடிதங்கள் போனதோ அவருக்கு. எனக்கு வயிறு எரிந்ததுண்டு, பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு படப்பிடிப்பிலேயே குரலைப் பதிவு செய்யும் காலம் வந்தது. தியெனைக் கூப்பிட ஆளில்லை. பதினெட்டு வருடம் சும்மா இருந்தார். அறுபத்திரண்டு வயதில் யென்சி என்ற இளம் இயக்குநர் அவரைத் தேடி வந்தாள். மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த மீனவர் வேடம். சொந்தக் குரலில்.

மறுநாள் காலையே என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"தம்பி, எங்கம்மா சாகுற வரைக்கும், 'மூஞ்சி என் புள்ளைதான், பேசுறது எவன்'னு கேட்டுக்கிட்டே இருந்தா. இந்த ஒரு படத்துலயாவது நானே பேசிக்கிறேன். குரல் குடுக்க உன்னைக் கூப்பிட்டா போகாத."

"எனக்கே பல்லு ஆடுதுண்ணே. என்னை எவன் கூப்பிடப் போறான்?"

"சத்தியமா?"

"சத்தியம்ணே."

ஏழு மாதம் கழித்து யென்சி கூப்பிட்டாள். மகனின் பிணம் கரையொதுங்கும் காட்சியைப் போட்டுக் காட்டினாள். தியென் தன் ஊர்ப் பேச்சில் பிள்ளையைத் திட்டித் திட்டி அழுதார். என் ஆயுசில் நான் அப்படி ஒரு வரி பேசியதில்லை.

"நல்லாத்தானேம்மா இருக்கு?"

"எனக்கும் பிடிச்சிருக்குய்யா. ஆனா மூணு ஊர்ல போட்டுப் பாத்தோம். அவரு வாயைத் தொறந்தாலே சிரிக்கிறாங்க. யாரோ கிண்டலுக்குப் பேசுறதா நினைக்கிறாங்க. அந்த மூஞ்சிக்கு உங்க குரல்தான்னு மனசுல ஒட்டிப்போச்சு."

"அவருக்குத் தெரியுமா?"

"நீங்களே சொல்லிடுங்களேன்."

நான் சொல்லவில்லை. நான் மறுத்தால் வேறொருவனைப் பிடிப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. மைக் முன்னால் நின்று எத்தனையோ வருடமாகியிருந்தது. எனக்கு ஆசையாக இருந்தது. இரண்டே நாளில் அவர் அழுகையை எடுத்துவிட்டு என் அழுகையை வைத்தோம்.

முதல் காட்சியன்று தியென் எனக்கு முன் வரிசையில், புதுச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். திரையில் அவர் வாய் திறந்தது. என் குரல் வந்தது. அவர் முதுகு அசையவே இல்லை. பக்கத்தில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "குரல் அப்படியே இருக்கு பாரு" என்றாள்.

வெளியே நிருபர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"ரெண்டு வார்த்தை பேசுங்கய்யா."

தியென் கூட்டத்தில் என்னைத் தேடிக் கண்டுபிடித்தார். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை. வாய் திறக்காமல் கையை நீட்டி என்னைக் காட்டினார்.

மைக் என்னிடம் வந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாங்கிக்கொண்டேன்.

"உங்க எல்லாருக்கும் நன்றி," என்றேன்.

கூட்டம் கைதட்டியது. தியென் தலைகுனிந்து வணங்கினார்.