தையல்காரர் தைத்த கையுறை

கல்யாணமான பத்தாம் நாள், தையல்காரர் தன் மனைவிக்குக் கெட்டித் துணியில் கையுறை தைத்து எடுத்துக்கொண்டு, அவள் வேலை செய்யும் பட்டறைக்கு வந்தார். அவள் அங்கே இரும்புக் குழாய் அறுப்பவள். ஆசையாக மாட்டிப் பார்த்தவள், மெஷினைப் போடும் முன் கழற்றி வைத்துவிட்டாள். அவர் முகம் சுருங்கியது.

“பிடிக்கலையா?”

“பிடிச்சிருக்குங்க. ஆனா சுத்துற பிளேடு துணியைக் கவ்வினா கையையும் சேர்த்து இழுத்துடும். உங்க தையல் வேற கெட்டி, கிழியவே கிழியாது.”

“இது பாராட்டா, திட்டா?”

“ரெண்டும்தான். தள்ளி நில்லுங்க, பொறி பறக்கும்.”

கண்ணாடி அணிந்து, குழாயை வைஸ் என்னும் இரும்புப் பிடிப்பானில் இறுக்கி அறுத்தாள். பிளேடு முழுதாக நின்றபின் கையுறையை மாட்டிக்கொண்டு, விளிம்பு கூரான துண்டை எடுத்தாள்.

“இந்தக் கூரைப் பிடிக்க இந்தக் கையுறை வேணும்ங்க. இடது கைதான் கொஞ்சம் இறுக்குது.”

“கழட்டிக் கொடு, பிரிச்சுத் தைக்கிறேன்,” என்றார் அவர்.