கோழிப் பண்ணைக்கு வந்த பாட்டுக்காரி

எருமப்பட்டிப் பக்கம் ரேடியோ இல்லாத கோழிப் பண்ணையைப் பார்ப்பது அபூர்வம். அது ஓயாமல் வாயடித்துக்கொண்டிருந்தால்தான் லாரி ஹாரனுக்கும் வெடிச் சத்தத்துக்கும் கோழிகள் மிரளாது. மிரண்டால் முட்டை குறையும். அன்புச்செல்வியின் பண்ணையில் அந்த ரேடியோ ஒருநாள் வாயை மூடிக்கொண்டது.

மகளின் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகம் போனவள், மூலை அலமாரியில் சிடிக்களைப் பார்த்தாள். டவுனில் ஃபேர்லேண்ட்ஸ் பகுதிக்காரர் யாரோ வீடு மாறும்போது கொடுத்தவையாம். ஒரு அட்டையில் பெரிய கொண்டை வைத்த வெள்ளைக்காரி வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள்.

"இது ஓபராங்க அக்கா. கதை முச்சூடும் பாடியே சொல்லுவாங்க, நம்ம கூத்தாட்டம்" என்றாள் நூலகர் இலக்கியா. கூத்து என்றால் விடுவாளா அன்புச்செல்வி!

பழைய டிவிடி பிளேயரைக் கொட்டகை ஸ்பீக்கரில் மாட்டி ஓடவிட்டாள். கோழிகள் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தீவனத்தில் வாயை வைத்தன. அவளுக்குத்தான் பித்துப் பிடித்துவிட்டது. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் முட்டை பொறுக்கும்போதெல்லாம் மனசு நிறைந்து கிடந்தது. கட்டிக்கொண்டு வந்த நாளாகத் தனக்கென்று அவள் வைத்துக்கொண்ட சந்தோஷம் அது ஒன்றுதான்.

ஒரு மத்தியானம் கதையில் வந்தவளுக்கு என்ன துக்கமோ, உச்சக் குரலில் அழ ஆரம்பித்தாள். அன்புச்செல்வி உருகிப்போய்ச் சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டாள். காற்று ஊரைப் பார்த்து அடித்தது.

கொஞ்ச நேரத்தில் ஊரே ஓடிவந்து நின்றது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார்கள். முன்னால் பழனியம்மாள். எந்தச் சாவுக்கும் ஒப்பாரியில் முதல் குரல் அவளுடையதுதான்.

"ஆருக்கு என்னாச்சு அம்மிணி?"

விஷயம் தெரிந்ததும் கூட்டம் சிரித்தது. தோட்டத்திலிருந்து ஓடிவந்த புருஷன் தனசேகருக்கு முகம் சிவந்துவிட்டது. பிளேயரை அணைத்தான்.

"ஊட்ல எளவு உழுந்தாப்புல ஊரையே கூட்டிப்புட்டியே! நாளைக்கு மொத வேலையா இதக் கொண்டுபோயிக் குடுத்துரு."

எளவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்பமாட்டார்கள். சாவே இல்லை என்று தெரிந்தும், வந்தவர்கள் அந்தப் பழக்கத்திலேயே பேசாமல் நழுவினார்கள்.

பழனியம்மாள் மட்டும் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தாள். "போடு மாப்ள. அழுகறவளப் பாதில நிறுத்தப்படாது."

தனசேகர் வேண்டாவெறுப்பாகப் போட்டான். குரல் மறுபடி எழுந்தது. பழனியம்மாள் கண்ணை மூடி, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

"ஆருக்கு அழுகறா?"

"தெரியலீங்க பெரிம்மா."

"ஆருக்கா இருந்தா என்ன. நல்லா அழுகறா."

பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவளும் பேசாமல்தான் நடந்தாள். படல் வரைக்கும் போனவள் நின்று திரும்பினாள்.

"போயிட்டு வாரேன் அம்மிணி. நாளைக்கும் வாரேன், எடுத்து வெய்யி."

அன்புச்செல்வி புருஷனைப் பார்த்தாள். அவன் பிடரியைச் சொறிந்தான்.

"வாங்கத்தை" என்றான்.