விழ மறுத்த மஞ்சள் இலை

வாசலில் கார் வந்து நின்றது. தம்பி டாக்டர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான்.

அக்கா வந்துவிட்டாள்!

இருவருமே பல் டாக்டர்கள். அடுத்த தெருவில் திறக்கப்போகும் இரண்டாவது கிளினிக்கைத் தனியாக நடத்த வேண்டும், தம்பிக்கு அது ஒன்றுதான் ஆசை. மாநாட்டுக்குக் கிளம்பும்போது அக்கா, வரவேற்பறையிலிருந்த மணி பிளான்ட்டைக் காட்டியிருந்தாள்.

"முதல்ல இதைப் பாத்துக்கோ, அப்புறம் கிளினிக்கைப் பத்திப் பேசலாம். இலை மஞ்சளாச்சுன்னா உடனே கை வைக்காதே. முழுசா மஞ்சளாகி, தொட்டா தானா வரணும். அப்பதான் எடுக்கணும்."

கேட்டானா? ஓரத்தில் லேசாக மஞ்சள் தட்டிய இலையைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. தொழில் பழக்கம்! ஒரே இழுப்பு. இலையோடு தண்டின் தோலும் உரிந்து வந்தது.

"மரத்துப்போக ஊசி போட்டீங்களா டாக்டர்?" என்றாள் நர்ஸ்.

முறைத்தான். பல் அடைக்கும் பசையை எடுத்து இலையைத் தண்டில் ஒட்டி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்தான். இலை நின்றது. ஆனால் சில நாளில் முழு மஞ்சளாகிவிட்டது.

உள்ளே வந்த அக்கா நேராகச் செடியிடம் போனாள்.

"அட! இவ்வளவு மஞ்சளாகியும் விட்டு வெச்சிருக்கியே. உனக்குக்கூடப் பொறுமை வந்துடுச்சாடா?"

"நீ சொல்லி நான் தட்டுவேனாக்கா?"

"சரி, இப்ப எடுத்துடலாம்."

இரண்டு விரலால் இழுத்தாள். வரவில்லை. அழுத்தி இழுத்தாள். தொட்டி நகர்ந்தது.

"என்னடா, செடியே கூட வருது?"

"சத்தான செடிக்கா..."

நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். அக்கா குனிந்து பார்த்தாள். தண்டில் பளபளவென்று ஒரு வெள்ளை வளையம்.

"பச்சைத் தண்டுக்குப் பல்லு கலர்ல அடைச்சிருக்கியே, பாவி!"

"பச்சையில வர்றதில்லையேக்கா."

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது.

"புது கிளினிக்?" என்றான் மெல்ல.

"நீயே நடத்து. அடைக்கிறதை நல்லாத்தான் அடைக்கிறே. ஆனா பிடுங்குற கேஸ் எல்லாம் முதல்ல என்கிட்ட வரணும். நான் பாத்து சரின்னு சொன்னாதான் நீ தொடணும்."

"எத்தனை நாளைக்குக்கா?"

கீழே இன்னொரு இலை அப்போதுதான் ஓரம் மஞ்சளாகியிருந்தது. அக்கா அதைக் காட்டினாள்.

"அது தானா விழற வரைக்கும்."

தம்பி ஆவலாகக் குனிந்தான்.

"கையைப் பின்னாடி கட்டிக்கிட்டுப் பாருடா!"